மோதிர விரலில் ஒரு ஷவர் குழாய்

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசிக்கத் தெரியாதவன் சும்மா இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவனுக்கு ஒரு குரு கிடைத்து, அந்தக் குருவும் எப்போதோ செத்துப்போய், திருத்துவதற்கு ஆளில்லாமல் போனால்தான் ஊருக்கு ஆபத்து.

என் குரு ஓர் அமெரிக்கக் கிழவர். புளூஸ் என்கிற பாட்டுக்குச் சக்கரவர்த்தி. அவர் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்குச் சுழலாது. கறுப்பு வெள்ளை வீடியோவில் ஒரு மரக் கதிரையில் உட்கார்ந்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிப்பார். அதனால் எங்களுக்கு அவர் கதிரைக்காரர். விருந்து வீடுகளில் எல்லாரையும் ஆட வைக்கிற பைலாப் பாட்டுப் பழகலாம் என்றுதான் போனில் தேடினேன். (ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்ட நேரம். மனுசனுக்கு ஏதாவது ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?) போன் தன்பாட்டுக்கு அடுத்த வீடியோவுக்குத் தாவி, இவரைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார வைத்துவிட்டது.

மற்றவர்கள் விரலால் கம்பியை அழுத்துவார்கள். இவர் இடது கை மோதிர விரலில் ஓர் இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டே போவார். போய், சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிடுவார். நின்று நடுங்குவார். வாசல் வரைக்கும் வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல் நிற்கிற ஆள் மாதிரி. எனக்கு அந்த இடம் வேண்டும். அதற்காக ராப்பகலாக முயன்றேன். ஒன்று, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுவேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குள் போய்விடுவேன்.

அக்காவோடும் அத்தானோடும் குண்டசாலையில் இருந்தேன். வேலை கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில். பைப், டெப், தண்ணீர் டேங்க். கடையின் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக் டேங்குகளை அடுக்கி வைத்திருப்போம். ஒரு டேங்கின் வாய்க்கு நேரே உட்கார்ந்து வாசித்தால் சத்தம் உள்ளே போய்ச் சுற்றி, அமெரிக்கா வரைக்கும் போய்த் திரும்பி வந்தது போல் கேட்கும். எங்கள் முதலாளி ரஹீம் நானா முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்.

"டேங்க்குக்குள்ள யாருடா மவுத்து?"

"யாரும் இல்ல நானா. பாட்டு."

"பாட்டா? நான் யாசீன் ஓத ஆள் தேடப் போனேன்."

எதிர்ப்பக்கம் ஒரு பாமசி, மருந்துக் கடை. அங்கே வேலை செய்தவள் ரேணுகா. புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலை பெக்டரியில் மெசின் பிட்டர். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம் ரோட்டைக் கடந்து வந்து கேட்டாள்.

"ஏங்க, ஒங்க கடையில பூனைய மிதிக்கிறது யாரு?"

நான்தான் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். போனில் கதிரைக்காரரைக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"என்னா சொல்றாரு?"

"இங்கிலீசு வெளங்கல. ஆனா 'போகாத'ன்னு யாருகிட்டயோ சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப அந்தாளு நல்லாத்தான் சொல்றாரு. நீங்க சொன்னா ஓடிப்போய்ருவாங்க."

அதற்குப் பிறகு தினமும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தே கேட்பாள், "இன்னக்கி கதிரைக்காரர் வரலயா?" அந்த ஒரு கேள்விக்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளை வெறுக்க ஆரம்பித்தேன்.

சைப்ரசுக்கு வேலைக்குப் போக அவளுக்கு விசா வந்தது. வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதைச் சொல்ல வந்தவள், கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"போற அன்னக்கி வீட்ல சின்னதா சாப்பாடு. அப்பா பாட்டுப் போட ஆள் தேடுறாரு. ஒங்களுக்கு பைலா தெரியுமா?"

"ஏன் தெரியாம?"

(இரண்டு தெரியும். அதில் ஒன்று முக்கால்வாசி.)

என் திட்டம் எளிமையானது. இரண்டு பைலாவை அடித்துச் சனத்தைச் சந்தோசப்படுத்துவது. நடுவில் ஒன்றும் தெரியாதவன் போல் கதிரைக்காரரை எடுத்து விடுவது. எல்லாருக்கும் அது ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் அர்த்தம் தெரியும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததை அவர் சொல்லுவார்.

அந்த நாளுக்காகப் புதுக் குழாய் ஒன்று செய்தேன். கடையில் மிஞ்சிக் கிடந்த ஷவர் குழாயில் குரோம் பூசிய ஒரு துண்டை அறுத்து, வெளிப்பக்கத்தை முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தேன். பைப் கட்டரால் அறுத்தால் உள்பக்கமாக ஒரு பிசிறு மடிந்து நிற்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஞாயிறு காலை அக்காவும் நானும் நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். கால் வைக்க இடமில்லை. கிட்டாரை அக்கா மடியில் கொடுத்துவிட்டு நான் நின்றேன். பழைய குழாய் சட்டைப்பையின் ஓட்டையால் எங்கோ விழுந்து தொலைந்த அனுபவம் இருந்ததால், புதியதை விரலிலேயே மாட்டிக்கொண்டேன். அந்தக் கையாலேயே மேல் கம்பியையும் பிடித்துக்கொண்டேன். கம்பளை தாண்டினால் பாதையில் வளைவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் என் முழுப் பாரமும் அந்த விரலில் தொங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, விரல் கணுவைத் தாண்டி உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தைக் கவனித்திருந்தால் வலது கையால் பிடித்திருப்பேன்.

புசல்லாவையில் இறங்கியதும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அப்புறம் வரும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் முப்பது பேர் இருப்பார்கள். ரேணுகா புதுச் சுடிதாரில், அங்குமிங்கும் நடந்து எல்லாருக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒன்னு சொல்றேன். கண்ணீரோட வாசப்படி தாண்டுனா போற எடம் வெளங்காது. இன்னக்கி ஒருத்தரும் அழக்கூடாது. ரேணுகா அம்மா ரெண்டு நாளா அடக்கிக்கிட்டு இருக்கா. நல்ல குதிக்கிற பைலாவா போடுங்க. அழ நேரமில்லாம வேன்ல ஏத்திரணும்."

"நான் பாத்துக்கறேன் மாமா," என்றேன். ஒரு பைலா கூட அடிக்கும் முன்னாலேயே அவரை 'மாமா' ஆக்கிவிட்டேன், பாருங்கள்.

முற்றத்தில் ஒரு கதிரை போட்டார்கள். உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள், ஒரு பைலா அடிப்போம் தம்பி என்று கை தட்டினார். "மல்லி, பைலா எகக் கஹமு!"

கம்பியை அழுத்தப் போனேன். மோதிர விரலை மடக்க முடியவில்லை. மற்ற விரல்கள் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் குழாய் போய் முட்டியது. ஒவ்வொரு விரலாக மாற்றிப் பார்த்தேன். குழாய் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டது. சரி, வழுக்கியே பைலாவை வாசிப்போம் என்று தொடங்கினேன். துள்ள வேண்டிய பைலா, காலில் முள் ஏறியது போல் நொண்டியது. கை தட்டிய அங்கிள் எந்த இடத்தில் தட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடியே நின்றார். ஆட எழும்பிய ஒரு சித்தப்பா அப்படியே போய் கட்லட் எடுத்துக்கொண்டார்.

கை தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. பைலா மெல்ல மெல்லத் தாழ்ந்து, நின்று, கதிரைக்காரராக மாறியது.

இத்தனை நாள் வராத அந்த இடம் அன்றைக்கு வந்தது. விரல் வீங்கி நடுங்கிக்கொண்டிருந்ததால் வந்ததா, இல்லை முன்னால் அவள் நின்றதால் வந்ததா, தெரியாது. குழாய் வழுக்கிப் போய், வாசலுக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. நின்று நடுங்கியது. நான் ரேணுகாவைப் பார்த்தேன். பிளேன்டீக் கோப்பைகள் வைத்த தட்டோடு நின்றிருந்தாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை.

முதலில் சமையல் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ரேணுகாவின் அம்மா இரண்டு நாளாக அடக்கி வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்து விட்டார். அத்தைமார் சேர்ந்துகொண்டார்கள். வேன் சாரதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியாக ரேணுகா தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுடிதார் சால்வையில் முகத்தைப் புதைத்தாள்.

அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் இனி ஒருபோதும் வராது என்றும் தெரியும். அதனால் நிறுத்தவில்லை.

அக்காதான் நிறுத்தினாள். "டேய், விரலப் பாருடா. கத்தரிக்கா மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அழுகை நின்று வைத்தியம் தொடங்கியது. சவுக்காரம் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். சோடா வைத்திருந்த பெரிய பெட்டியிலிருந்து ஐஸ் வந்தது. ஒரு சித்தப்பா என்னை இடுப்பில் பிடிக்க, இன்னொரு சித்தப்பா குழாயைப் பிடித்து இழுத்தார். நான் முழுசாக வந்தேனே தவிர, குழாய் வரவில்லை. வேன் புறப்படுகிற நேரம் ஆகிவிட்டது. ரேணுகாவின் அப்பா உள்ளே போய், ஓர் அரிவாளோடு வந்தார். (இரும்பு அறுக்கிற பிளேடுதான். அந்த நேரத்தில் எனக்கு அது அரிவாளாகத்தான் தெரிந்தது.)

"ஏறு வேன்ல," என்றார். "விரல் அழுகிப்போனா அந்தப் பாவமும் எம்புள்ள தலையில விழும்."

அப்படித்தான் நான் எயார்போட்டுக்குப் போனேன். நடு சீட்டில் நான். இடது பக்கம் ரேணுகா, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முன் சீட்டில் இருந்து திரும்பி உட்கார்ந்து அறுக்கிறவர் அவள் அப்பா. விரலுக்கும் குழாய்க்கும் நடுவில் பால்மா டின்னில் வெட்டிய ஒரு தகட்டுத் துண்டு. வேன் ஓடும்போது அறுக்க முடியாது. சிக்னலில் நின்றால் நாலு இழுப்பு, டீக்கடையில் நின்றால் பத்து இழுப்பு. குழாய் சூடேறியதும் ரேணுகா போத்தலில் இருந்து தண்ணீர் ஊற்றுவாள்.

இரண்டு நிமிடம் தனியாகப் பேசக் கிடைக்காதா என்று ஏங்கியவனுக்கு அவள் கை நாலு மணித்தியாலம் கிடைத்தது. நடுவில் அவள் அப்பா, கையில் பிளேடோடு. ஒரு வார்த்தை பேச முடியுமா?

பேராதனையில் அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "உள்பக்கம் பிசிறு எடுக்கல. நீ ஹாட்வெயார் கடையிலயா வேல செய்ற?"

"ஓமங்க மாமா."

"மொதலாளி பாவம்."

ரேணுகாவின் கை குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கு அழுகை வரும், பிறகு அந்தச் சகுனமும் என் கணக்கில் சேரும்.

கடுகண்ணாவை இறக்கத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. அறுத்துக்கொண்டே கேட்டார், "அது யாரு பாட்டு?"

"அமெரிக்காக்காரர். சின்ன வயசுல பருத்தித் தோட்டத்துல வேல செஞ்சவராம்."

"ஓ. தோட்டமா," என்றார். கொஞ்ச நேரம் பிளேடு நகரவில்லை. அப்புறம் மறுபடி அறுத்தார்.

எங்கள் கடைக் குரோம் பைப்பின் தரத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அன்றைக்கு மட்டும், இது நல்ல கம்பெனிப் பைப்பாக இருக்கட்டும், அறுபடாமல் இருக்கட்டும் என்று வழி நெடுக இருந்த கோயில் எல்லாவற்றுக்கும் நேர்ந்துகொண்டு போனேன். வரக்காப்பொலையில் 'டக்' என்று விட்டுவிட்டது. அவர் பாதியாகப் பிளந்த குழாயை ஜன்னலால் எறிந்தார். ரேணுகா ஒரு கைலேஞ்சியை நனைத்து விரலைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் அப்பா முன்னால் திரும்பி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

(அக்கா இப்போதும் கேட்பாள், "மெசினையே அறுக்கிற மனுசனுக்கு ஒரு ஷவர் பைப்ப அறுக்க வரக்காப்பொல வரைக்குமா வேணும்?" எனக்குத் தெரியாது. அழாமல் போய்ச் சேர அவருக்கும் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டிருக்கலாம்.)

எயார்போட்டில் அவள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். என்னிடம் வந்து விரலை மட்டும் பார்த்தாள். "மருந்து போடுங்க," என்றாள். பாமசிக்காரி வேறென்ன சொல்லுவாள்? கண்ணாடிக் கதவு திறந்து மூடியது.

அதோடு அந்த வீட்டில் எனக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. பொங்கலுக்குப் போனாலும், யாருக்காவது பிறந்தநாள் என்றாலும், வாசலிலேயே அவள் அப்பா நிறுத்துவார். "ரெண்டு கையையும் காட்டு தம்பி." நான் நகம் பார்க்கிற டீச்சருக்கு நீட்டுவது போல நீட்டுவேன். திருப்பியும் காட்ட வேண்டும். குழாய் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விடுவார். சித்தப்பாமாரும் அதையே பழகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் கூட என்னைக் கண்டால் 'வணக்கம்' சொல்வதில்லை, 'கையக் காட்டுங்க' என்கிறார்கள்.

டேங்குக்கு முன்னால் உட்கார்ந்து இன்னும் வாசிக்கிறேன். அந்த இடம் திரும்ப வரவே இல்லை.

போன கிழமை ரேணுகா வீடியோ கோல் எடுத்தாள். அங்கே அவள் பார்த்துக்கொள்கிற வயசான அம்மா தூங்கிவிட்டாராம். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. அவள் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது.

"கையக் காட்டு," என்றாள்.

இடது கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டு போனேன். ஒரு பார்வைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"அந்த வெரல்ல ஒன்னும் இல்லயே?"

"ஒன்னும் இல்ல. வெறும் வெரல்தான்."

"ம். நான் வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிரு."