குணமானவருக்குப் பொன்னாடை

வியாதியைக் குணப்படுத்தும் மருத்துவமனைகள் உலகில் ஏராளம். நோயாளி வாசற்படி ஏறும்போதே குணப்படுத்திவிடும் பெருமை மும்பை மாட்டுங்காவின் ‘சர்வஜன போதை மீட்பு மன்ற’த்துக்கு மட்டுமே உரியது. ‘ஏழைக்கும் எளியவர்க்கும், இலவசமாக, வீட்டருகில்’ என்பது அதன் கொள்கை. அதைப் பளிங்குக் கல்லில் வெட்டி, மேலே பட்டுத்திரை போட்டு, எதிரே நாற்காலிகளும் போட்டாயிற்று.

திறப்புவிழா அன்று காலை தாராவி முத்துமாரி தன் தம்பி சுரேந்திரனை அழைத்துக்கொண்டு பாலம் ஏறி இறங்கி வந்தாள். அவன் பவுடர் என்கிற போதைத் தூளுக்கு அடிமை. இரண்டு வருடமாகக் கெஞ்சியும் அசையாதவன், அன்று விடிந்ததும் தானாகவே, “சல் அக்கா, போலாம்” என்றிருந்தான். அந்தச் சம்மதம் எப்போது ஆவியாகுமோ என்று அவள் அவசரப்பட்டாள். ஆனாலும் நல்ல இடத்துக்குப் போகிறவனை நாலு பேர் குறை சொல்லக் கூடாதல்லவா? தலைக்கு ஊற்றி, சவரம் செய்யவைத்து, திருநீறு பூசி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். அங்கேதான் பிசகியது.

மன்றச் செயலாளர் ஜம்பு அவனை மேலும் கீழும் பார்த்தார். “இவனா அடிக்ட்? பேங்க் இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரின்னா இருக்கான்!”

“சீக்கிரம் சேத்துக்கிடுங்க சார். காலையிலருந்து ஒண்ணும் எடுக்கல. மனசு மாறிருவான்.”

பொருளாளர் ஷ்யாமளாவின் முகம் மலர்ந்தது. “எத்தனை பேரைக் குணமாக்கினேள்னு சீஃப் கெஸ்ட் கேட்டா என்ன சொல்றதுன்னு தவிச்சேளே ஜம்பு சார். இதோ நிக்கறானே!”

“இன்னும் திறக்கவே இல்லையே மாமி?”

“அதனால என்ன? இனிமே வரப்போறவாளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா?”

முத்துமாரிக்கு எல்லாம் புரியவில்லை. மேடையேறினால் கட்டில் கிடைக்கும் என்ற மட்டில் புரிந்தது.

“ஏல, செத்த நேரம் நில்லுல.”

“உடம்பெல்லாம் குத்துதுக்கா.”

“அந்தா டாக்டரு உக்காந்திருக்காருல்லா? பொறுத்துக்கோ.”

குத்துவிளக்கை ஏற்றும்போது சுரேந்திரனின் கை நடுங்கியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. “நன்றிக் கண்ணீர்!” என்று சிறப்பு விருந்தினர் மைக்கில் தழுதழுத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது, டாக்டரும் தட்டினார். ‘மீண்டெழுந்த முதல் மாமணி’க்கு ஜரிகைப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

கேசரி தீர்ந்து, கூட்டம் கலைந்த பிறகு முத்துமாரி ஜம்புவிடம் போனாள்.

“சார், கட்டிலு எங்கன?”

ஜம்பு பதறிப்போனார். “நன்னாருக்கு! குணமாயிட்டான்னு சீஃப் கெஸ்ட் வாயால அறிவிச்சாச்சு. இப்போ அட்மிட் பண்ணினா மன்றத்தோட பேர் என்னாறது?”

“அவனுக்கு உசிரு போற மாதிரி வலிக்கி சார்!”

“ஒரு மாசம் போகட்டும். மறுபடி கெட்டுப்போனான்னா தாராளமா அழைச்சுண்டு வா. இலவசம்தானே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சுரேந்திரன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பாலம் தாண்டி ஓடி, தன் சந்துக்குள் நுழைந்தபோது அவன் சுவரில் சாய்ந்து கிடந்தான். கண் சொக்கியிருந்தது, நடுக்கம் நின்றிருந்தது. பொன்னாடை, பவுடர் விற்பவனின் தோளில் மின்னியது.

ஏழைக்கும் எளியவர்க்கும், வீட்டருகில், கையில் காசில்லாவிட்டாலும், சீஃப் கெஸ்டுக்குக் காத்திராமல், வந்த அன்றே கவனித்து அனுப்புகிறவர் அந்த வட்டாரத்தில் பவுடர்க்காரர் ஒருவர்தான். மன்றம் நெய்யச் சொன்ன பொன்னாடை, ஆக, மன்றத்தின் கொள்கையை நிறைவேற்றுகிற தோளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.