மூடியில் வைத்த சந்தனப் பொட்டு

லாரி சாமான் விற்பவனுக்கு லாரியைப் பிரித்துப் பூட்டவும் தெரியும் என்று நம்புகிற ஊர் நாமக்கல். நான் அங்கே உதிரி பாகக் கடையில் பில் போடுகிறவன். மாமனார் வீட்டில் என்னை மெக்கானிக் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். (நானும் மறுக்கவில்லை. கொழுப்பு.)

மாமனாருக்கு எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை. கொட்டகையைச் சுற்றிப் புல் மண்டினால் பாம்பு வரும் என்று, தள்ளிக்கொண்டே வெட்டுகிற பெட்ரோல் மெஷின் ஒன்றை என் யோசனையில் வாங்கினார். ஆயுத பூஜையன்று அதைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, இண்டு இடுக்கெல்லாம் சந்தனம் வைத்தார். அந்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

மழை பெய்து சுடுகாட்டுப் பாதை முழுக்கப் புல்.

"தூக்கிட்டுப் போறவங்க கால் வெக்க முடியாதுங்க. ஆளுக்கொரு அருவாள எடுக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் பங்காளிப் பெரியவர்.

"வேண்டாமுங்க. மாமா மெஷின்லயே நான் வெட்டிர்றேன்" என்றேன். அவருக்குச் செய்யும் கடைசிக் காரியம் என் கையால் நடக்கட்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

கயிற்றை இழுத்ததும் மெஷின் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் விக்கி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கிளம்பியது. ("கடைக்காரருன்னா சும்மாவா!" என்றது ஒரு குரல்.) மறுபடி நின்றது. ஏர் ஃபில்டரைத் தட்டினேன். கிளம்பியது, நின்றது. கடைசியில் வீராவேசமாகக் கார்புரேட்டரைப் பிரித்தேன். சட்டை முழுக்கப் பெட்ரோல். உள்ளே இருந்த ஊசி புல்லுக்குள் விழுந்து தொலைந்தது.

மச்சினன் குமரேசன் ஓடி வந்தான். "மச்சான், அப்பன இன்னும் எத்தன நேரம் போட்டு வெக்கறதுன்னு ஊட்ல அம்மா கேக்குதுங்க."

மண்டியிட்டு ஊசி தேடிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவர் அரிவாளோடு இறங்கினார். பின்னாலேயே ஊரே இறங்கியது.

டேங்கில் இருந்த மிச்சப் பெட்ரோலையாவது கேனில் ஊற்றி வைக்கலாம் என்று டேங்க் மூடியைத் திருகியபோதுதான் பார்த்தேன். மூடியில் காற்றுப் போவதற்கென்று இருக்கும் சின்ன ஓட்டையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? நான் எதையாவது கழற்றி மாட்டுகிற இடைவெளியில் துளித்துளியாக இறங்கியதில்தான் அது கிளம்பியிருக்கிறது. என் வைத்தியத்தால் அல்ல. அந்தச் சந்தனத்தில் மாமாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. சுரண்ட மனம் வரவில்லை.

இருட்டும் நேரத்தில்தான் எடுத்தோம். கொள்ளி வைக்கும்போது பெரியவர் என் சட்டையை மோந்து பார்த்தார்.

"மாப்ளை, நீங்க தூரமா நில்லுங்க."

கடைசிக் காரியம் செய்ய ஆசைப்பட்ட மருமகன் நான், வேலியோரம் நின்று பார்த்தேன்.

இப்போதும் ஆயுத பூஜை வந்தால் மாமியார் ஆரம்பித்துவிடுவார். "மூடிக்குப் பொட்டு வெச்சுராதீங்க மாப்ளை. எங்கூட்டுக்காரரு போகமாட்டேன்னு அன்னைக்கு அந்த மெஷினத்தான் அமுக்கிப் புடிச்சுக்கிட்டாரு." வீடே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். மெஷினுக்குப் புது மூடி வாங்கிப் போட்டாயிற்று. பழைய மூடி சாமி மாடத்தில் இருக்கிறது, கழுவாமல்.