பல் டாக்டர் பிரேக் துலக்கினார்

"என்னங்க, அந்தத் தட்டு எதுக்கு சிவப்பா இருக்கு?"

வாசலில் நின்று மனைவி கேட்டாள். பல் டாக்டர் அவசரமாகப் பஞ்சைத் தேடினார்.

காரின் முன்சக்கரம் ஒன்று கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் தெரிந்த பிரேக் காலிப்பருக்கு டாக்டர் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சுழலும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற தாடை அது. தாடை என்றதுமே, இது நம் இலாகா என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது.

சும்மா ஆரம்பித்த வேலை இல்லை. காரை விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து, "துரு பிடிச்சிருக்கே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இன்று சாயங்காலம் கடைசியாக ஒருவர் வருகிறார். அவரும் வேண்டாமென்றால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். புது வண்டி வரப்போகிறது, நிறுத்த வேறு இடம் கிடையாது. மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. அதை நசுக்கிக் கட்டியாக்குவார்கள் என்பதை டாக்டரால் ஏற்கவே முடியவில்லை.

துருவைச் சுரண்டும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பல்லில் படிந்த அழுக்கை எடுக்கிற கொக்கியை கிளினிக்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். இடையில் ஒருமுறை பழக்கதோஷத்தில் காலிப்பரைப் பார்த்து, "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்க" என்றுகூடச் சொன்னார்.

சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லி பெயின்ட் டப்பாவில் போட்டிருந்தது. "எத்தனை பல்லு புடுங்கின கை இது, நடுங்குமா?" என்று டேப்பை ஓரமாக வைத்தார். கை நடுங்கவில்லைதான். பெயின்ட் தன் இஷ்டத்துக்குப் போனது. காலிப்பருக்குப் பாதி, தட்டுக்கு மீதி, செருப்புக்குக் கொஞ்சம்.

"துடைச்சா போயிடும்" என்றார்.

"எதை வச்சுத் துடைக்கிறீங்க?"

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். கையில பட்டது இதுலதான் போச்சு."

"பிரேக்குல எண்ணெயா?"

"வழவழன்னு இருந்தா தேய்மானம் குறையும்."

எண்ணெய் தட்டின் பின்பக்கம் போகவில்லை. அதனால் காலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயிலேயே தொங்கவிட்டுத் துடைத்தார். மனைவியின் தலை உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து பெயின்ட்டைக் காய வைத்தார். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இப்ப நீ உள்ள உக்காந்து பிரேக்கை ஒரு மிதி மிதி. வேலை செய்யுதான்னு பாத்துடலாம்."

"அதுதான் கழண்டு தொங்குதே?"

"மிதிம்மா!"

எரிச்சலில் அவள் கொஞ்சம் பலமாகவே மிதித்துவிட்டாள். காலிப்பருக்குள் இருந்த பிஸ்டன் துள்ளி வெளியே விழுந்தது. பின்னாலேயே பிரேக் ஆயில் கொட்டியது. அது பட்ட இடமெல்லாம் புதுப் பெயின்ட் சுருங்கி, பாலாடை மாதிரி உரிந்து வந்தது.

டாக்டர் கலங்கவில்லை. பிஸ்டனைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றினார். பானெட்டுக்குள் காலியாகிவிட்டிருந்த பிரேக் ஆயில் டப்பாவில், வீட்டில் இருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றி நிரப்பினார்.

"அதுவும் ஆயில், இதுவும் ஆயில்" என்று அவர் மூடியைத் திருகும்போது வாசலில் மணி அடித்தது.

"போச்சு! படுதாவையாவது போட்டு மூடுங்க" என்றாள் மனைவி. அதற்குள் வந்தவர் உள்ளே நுழைந்துவிட்டார். கனத்த கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். நேராக வந்து காலிப்பர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பெயின்ட் நீங்களே அடிச்சதா?"

"ஆமா" என்றார் டாக்டர், ஈனஸ்வரத்தில்.

"டேப் ஒட்டாம?"

"ஆமா."

"தட்டுல என்ன மினுமினுப்பு?"

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அப்படியா!" என்றார். அந்தக் குரலில் இருந்தது கேலி இல்லை, மரியாதை. டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பிஸ்டனைச் சுத்தியலாலதான் உள்ள ஏத்தினேன்" என்று கேட்காமலே சொன்னார்.

"சுத்தியலாலயா! குழாயிலேயே தொங்க விட்டிருக்கீங்க. அதுவும் நீங்களேதானா?"

"யாரும் சொல்லித் தரல. டப்பாவுல இருக்கிறது இன்ஜின் ஆயில்."

கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து டாக்டரின் கையை எண்ணெயோடு சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பேரமே பேசவில்லை. "ஒண்ணே ஒண்ணு. இனிமே எதையும் தொடாதீங்க. ஒரு சொட்டுகூடத் துடைக்காதீங்க. இப்படியே எனக்கு வேணும்" என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"பாத்தியா? உழைப்போட அருமை தெரிஞ்ச மனுஷன்" என்றார் டாக்டர்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "நான்தான் அவசரப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. டாக்டர் அதைக் கொஞ்சம் நேரம் எடுத்து அனுபவித்தார்.

இருட்டுவதற்குள் இழுவை வண்டி வந்தது. கார் மேலே ஏறும்போது டாக்டரின் கண் கலங்கிவிட்டது. பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, மேடு பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்லு அவரை. குழந்தை மாதிரி வளர்த்த வண்டி."

சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்த இழுவை வண்டிக்காரர் நிமிர்ந்தார்.

"இதை யாரு சார் ஓட்டப் போறாங்க? அவரு மெக்கானிக் படிக்கிற பசங்களுக்கு வாத்தியாரு. பிரேக்குல என்னென்ன செய்யவே கூடாதுன்னு பாடம் நடத்த, தப்புக்கு ஒரு வண்டியா தேடிட்டிருந்தாரு. அத்தனையும் ஒரே வண்டியில கிடைச்சிடுச்சுன்னு போன்ல அழுதுட்டாரு சார்!"