அதாவது, கூரை ஒழுகுதுன்னு சொல்றீங்க

மனிதரில் எத்தனையோ வகை உண்டு. அவற்றில் 'பயிற்சிக்குப் போய் வந்தவர்' என்று ஒரு வகை. இவரைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவையில்லை. கழுத்தில் அட்டை, கையில் இலவசமாகக் கொடுத்த தண்ணீர் பாட்டில், முகத்தில் யாரோ கற்றுக்கொடுத்த சிரிப்பு. போன வாரம்வரை நம்மைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தார், பாவம்.

எங்கள் குடியிருப்பு ஒரு சங்கத்துக்குச் சொந்தம். வாடகைக்கு இருக்கும் எங்களையும் எங்களைச் சுற்றியுள்ள சுவர்களையும் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளர் தம்பியை வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை. யார் மறுத்தாலும் நல்ல பிள்ளைதான். அதில் பேச்சுக்கே இடமில்லை. முன்பெல்லாம் குழாய் சொட்டுகிறது என்று சொன்னால் தலையைச் சொறிவார், "சே, மறுபடியுமா?" என்பார், ஆளைக் கூட்டிவருவார், கூடவே நின்று முணுமுணுப்பார், போய்விடுவார். மரியாதை கொஞ்சம் குறைவு. ஆனால் குழாய் சொட்டாது.

சங்கத்துக்கு இது பொறுக்குமா? குடியிருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுவர அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒருவர் குடியிருப்பவராக நடிப்பாராம், இன்னொருவர் மேலாளராக நடிப்பாராம், மற்றவர்கள் உட்கார்ந்து கைதட்டுவார்களாம். கூரை மட்டும் யாருக்கும் ஒழுகவில்லையாம்.

அங்கே படித்த பெரிய பாடம் இதுதான்: எதிராளி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாம் காதுகொடுத்துக் கேட்டோம் என்று அவருக்குத் தெரியுமாம்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"அதாவது, நான் சாப்பிட்டேனான்னு தெரிஞ்சுக்க விரும்புறீங்க."

எனக்கே பசி போய்விட்டது.

இந்த நிலையில்தான் மேல்மாடித் தையற்காரம்மா வீட்டில் கூரை ஊறத் தொடங்கியது. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் உடைப்பு. கூரைப் பூச்சு நிறைமாத வயிறு மாதிரி உப்பித் தொங்குகிறது. நேர் கீழே இரும்புக் கட்டில். கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து அசைய முடியாமல் அவள் மாமியார். கட்டிலை இழுத்துப் பார்த்தோம், நானும் அவளுமாக. என் பலம் தெரிந்ததுதானே! அவள் ஓடிப்போய் மேலாளர் தம்பியை அழைத்து வந்தாள்.

"தம்பி, அத்தை தலைக்கு மேல பாருங்க! எப்ப விழும்னே தெரியல. ஒரு கை குடுங்க, கட்டிலை இழுக்கணும்."

பார்த்தாரா? பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது பாடம். கூரையைப் பார்க்கச் சொல்லி யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தால் சண்டை வருமாம், சாய்வாக உட்கார்ந்தால் சமாதானமாம். அந்தச் சின்ன அறையில் நாற்காலியை இப்படி நகர்த்தி, அப்படி நகர்த்தி, கடைசியில் கட்டில் ஓரத்தில் போட்டு உட்கார்ந்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார்.

"அதாவது, கூரை விழுந்துடுமோன்னு உங்களுக்கு ஒரு பயம் இருக்கு."

"பயம் எனக்குங்க. ஓட்டை கூரைக்கு!"

"கோபமா இருக்கீங்க. கோபப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கு."

கட்டிலிலிருந்து மாமியார் கேட்டாள்: "ஏம்மா, இந்தத் தம்பிக்குக் காது கேக்காதா?"

"நல்லா கேக்கும் அத்தை. அதுக்குத்தான் பயிற்சியே குடுத்திருக்காங்க."

அப்போதுதான் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத்துண்டு, சாய்ந்திருந்த அந்தத் தலையிலேயே வந்து விழுந்தது. தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயோ!"

வந்ததிலிருந்து அவர் சொந்தமாகப் பேசிய முதல் வார்த்தை. அடுத்த நொடி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். தம்பி இழுக்க, அவள் தள்ள, நான் கத்த, கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தது. பின்னாலேயே கூரைப் பூச்சு தண்ணீரோடு பொத்தென்று விழுந்து நாற்காலியை மூடியது. மாமியார் மேல் ஒரு கீறல் இல்லை.

சரி, பிள்ளைக்குத் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். தலையெல்லாம் வெள்ளையாக, குழாய்க்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கூரை விழுந்துடுச்சு! தண்ணி கொட்டுது! உடனே வாங்க!"

போனிலிருந்து வெண்ணெய் மாதிரி ஒரு குரல் வந்தது: "அதாவது, கூரை விழுந்துடுச்சுன்னு சொல்றீங்க..."

சங்கம் அவரையும் அனுப்பியிருந்தது.

நம் தம்பி பதிலுக்குச் சொன்னதை இங்கே சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடி, தானே குழாயை அடைத்தார். நல்ல பிள்ளை என்றேனே, நம்பினீர்களா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஒருத்தி முழங்கால் வலிக்கிறது என்று சொன்னபோது, "முழங்காலா? அடடா, ரொம்ப வலிக்குதா?" என்று உருக்கமாகக் கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதவர் யார்? தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றாவது தெரியுமா? தெரியாதா? அப்படியானால் உங்களை எந்தப் பயிற்சிக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நீங்கள் பிறக்கும்போதே தேர்ச்சி பெற்றவர்.