மச்சான் தலையும் யாரோ உடம்பும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சிதம்பரத்துல ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சி, அத கடலூர் முதுநகருக்கு கொண்டாந்து கட்டணும்.

அவ்வளவுதாங்க. காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், மொட்டைக்கு ஃப்ளெக்ஸ்னு ஊரே அடிச்சிக்கிட்டு இருந்த காலம். எந்த மடையனும் முடிச்சிடுவான். நான் அந்த மடையனவிட ரெண்டு படி கீழன்னு அப்ப எனக்கு தெரியாது.

2011, கோடை லீவு. அந்தோணி மச்சான்னா என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட கூடப்பொறந்த அண்ணன். துறைமுகத்துல ஐஸ் கம்பெனியில வேலை. வேலை முடிஞ்சா பாக்ஸிங் மாஸ்டர். ஒரு பழைய குடோன்ல பசங்களுக்கு குத்து சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. குடோன்காரரு திடீர்னு வலை போட்டு வைக்க எடம் வேணும்னு காலி பண்ண சொல்லிட்டாரு.

மச்சான் நேரா எங்க சர்ச் ஃபாதர் கிட்ட போயி, கோயில் ஹால சாயங்காலத்துல குடுங்கன்னு கேட்டாரு. ஃபாதரும் பாதி மனசு இறங்கிட்டாரு. அந்த நேரம் பாத்து சிதம்பரத்துலேர்ந்து ஜெகன்னு ஒரு மாஸ்டர் பைக்ல வந்து எறங்குனாரு. டைட் டீ-ஷர்ட்டு, கழுத்தே இல்ல, தோள்ல நேரா தலை. அவரு சொல்லித் தர்றது எம்.எம்.ஏ. குத்து, உதை, கீழ தள்ளி பூட்டு போடுறதுன்னு எல்லாம் கலந்த சண்டை. அவருக்கும் அதே ஹாலு வேணுமாம்.

ஃபாதர் ஒரு முடிவு சொன்னாரு. "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வாங்க. யாரு கிளாஸுக்கு பசங்க ஜாஸ்தி பேர் குடுக்குறாங்களோ, அவுங்களுக்கு ஹாலு."

அதுலேர்ந்து மச்சானுக்கு சோறு எறங்கல.

"மாப்ள, பசங்க டிவில அந்த கட்டிப்புடி சண்டையத்தான் பாக்குறானுங்க. ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி படுத்துக்கினு... அது ஒரு சண்டையா? பாக்ஸிங்னா நிக்கணும் மாப்ள. நின்னு ஜெயிக்கணும். இந்த ஹாலும் போச்சின்னா வேற எடம் இல்ல. கிளவுஸ மூட்ட கட்டி பரண்ல போட வேண்டியதுதான்."

சொல்லும்போதே மனுஷனுக்கு கண்ணு கலங்கிடிச்சி. அந்த முரட்டு ஆளு அப்படி நின்னத பாத்ததும் எனக்கு தாங்கல.

"நான் இருக்கேன் மச்சான்! கோயில் கேட்டாண்ட ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சா பசங்க தானா வருவானுங்க. என் கிட்ட உடுங்க!"

என்னைய யாரும் கேக்கல. என் வாழ்க்கையில எல்லா கேடும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு.

உள்ளேர்ந்து ஸ்டெல்லா கேட்டா, "ஏங்க, உங்களுக்கு பாக்ஸிங் பத்தி இன்னா தெரியும்?"

"சண்டைதானே? உன்னைய கட்டுன நாள்லேர்ந்து பழக்கம்."

"எங்கண்ணன் வேலையில எதுனா ஆச்சி, அப்பறம் இருக்கு உங்களுக்கு!"

என் ஆபீஸ் சிதம்பரத்துல. வெள்ளிக்கெழம மத்தியானம் பர்மிஷன் போட்டுட்டு மேல வீதி பக்கத்து சந்துல இருக்குற ஃப்ளெக்ஸ் கடைக்கு போனேன். டிசைன் பண்றவரு குமரன். எதையும் பதட்டமில்லாம செய்வாரு. செத்தவங்களுக்கும் பொறந்தவங்களுக்கும் ஒரே ரோஜாப்பூதான் போடுவாரு.

மச்சான் போட்டோன்னு என் கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. கல்யாண ஆல்பத்துலேர்ந்து எடுத்தது. கோட்டு சூட்டு போட்டு, வெக்கப்பட்டு சிரிச்சிக்கிட்டு இருப்பாரு.

"சார், மூஞ்சி இருக்கு. உடம்பு?" குமரன் கேட்டாரு.

"நெட்ல எதுனா நல்ல உடம்பா எடுத்து ஒட்டுங்க. பாக்ஸிங் உடம்பு."

அவரு வரிசையா படம் காட்டுனாரு. ஒண்ணுல ரெண்டு கிளவுஸும் மூஞ்சிக்கு முன்னாடி. இன்னொண்ணுல தலைக்கு கவசம். அடுத்ததுல குத்து விழுந்து மூஞ்சியே கோணிக்கிடக்கு.

எனக்கு கோவம் வந்துடிச்சி. "என்னாங்க இது, எல்லாவனும் மூஞ்ச மூடிக்கினே இருக்கான்? என் மச்சான் மூஞ்சி தெரியலன்னா அப்பறம் ஃப்ளெக்ஸ் எதுக்கு?"

மூஞ்ச மூடிக்கிறதுதான் பாக்ஸிங்ல மொதல் பாடமாம். எனக்கு யாரு சொன்னா?

"அப்ப இது பாருங்க சார், மூஞ்சி சூப்பரா விழும்."

பாத்தேன். ரெண்டு பேரு அரை டவுசரு போட்டுக்கிட்டு தரையில கெடக்குறாங்க. ஒருத்தன் மல்லாக்க படுத்து, ரெண்டு காலாலயும் இன்னொருத்தன் கழுத்த வளைச்சி புடிச்சிருக்கான். கையில சின்னதா கிளவுஸ். கிளவுஸ் இருந்தா பாக்ஸிங்தானேன்னு நெனச்சிட்டேன்.

"கீழ கெடக்குறானே? மேல இருக்குறவனுக்கு மச்சான் மூஞ்ச ஒட்டுங்களேன்."

"மேல இருக்குறவன் தலை இவன் காலுக்கு நடுவுல மாட்டிக்கிச்சி சார். முதுகுதான் தெரியுது. உங்க மச்சான் முதுகு போட்டோ இருந்தா குடுங்க, ஒட்டிடலாம்."

நியாயமான பேச்சு.

"சரி, கீழயே போடுங்க. சிரிச்ச மூஞ்சிதானே, தோத்த மாதிரி தெரியாது."

அப்பறம் வேலை மளமளன்னு நடந்துது. வெள்ளக்கார உடம்புல பச்சை குத்தியிருந்தத அழிச்சாரு. பின்னாடி சூரியன், பக்கத்துல சிங்கம், மூலைக்கு மூலை ரோஜாப்பூ. மேல மச்சான் ஆசையா எழுதிக் குடுத்த வாசகம்: "நிமிர்ந்து நில் தம்பி! குத்துச்சண்டை பயில வா!" அதுக்கு நேர் கீழ மச்சான் மல்லாக்க கெடக்குறாரு.

"ஏற்பாடுன்னு யார் படமாவது போடணுமா சார்?"

நான் கூச்சப்படாம என் படத்த எடுத்து குடுத்தேன். கூலிங் கிளாஸ் போட்டு, செல்போன காதுல வெச்சி, யார்கிட்டயோ முக்கியமா பேசுற மாதிரி நான் போஸ் குடுத்தது. கீழ பெருசா வெச்சாரு. எனக்கு ரொம்ப திருப்தி.

உருட்டிக் கட்டுன ஃப்ளெக்ஸ் என்னவிட ஒசரம். கடலூர் பஸ்ல ஏறுனா கண்டக்டர் கத்துறாரு. "யோவ், அத கம்பியில இடிக்காம புடிய்யா!" ஒரு திருப்பத்துல அது சாய்ஞ்சி, முன்னாடி சீட்டுல இருந்த அம்மா தோள்ல விழுந்துது.

"இன்னாப்பா இது?"

"ஃப்ளெக்ஸுங்க. உள்ள என் மச்சான் இருக்காரு."

அந்தம்மா மூஞ்சி வாடிப்போச்சி. "அடப்பாவமே. எப்ப தவறுனாரு?"

"ஐயோ, உயிரோட இருக்காரும்மா!"

ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் அந்தம்மா என்னைய நம்பல.

ஞாயித்துக்கெழம காலையில பூசைக்கு முன்னாடியே கோயில் கேட்டாண்ட ஃப்ளெக்ஸ கட்டிட்டேன். மச்சானுக்கு ஷிப்டு, முடிச்சிட்டு நேரா வரேன்னு சொல்லியிருந்தாரு. மொதல்ல பாத்தது ஸ்டெல்லா.

தலைய ஒரு பக்கமா சாய்ச்சி படத்த பாத்தா. அப்பறம் கேட்டா, "ஏங்க, எங்கண்ணன் ஏன் கீழ கெடக்குறாரு?"

"அது ஸ்டைலு."

"அந்தாளு தலை ஏன் அங்க போயிருக்கு?"

"கோயிலுக்கு வந்த எடத்துல கேக்குற கேள்வியா இது? உள்ள போ."

பூசை முடிஞ்சி கூட்டம் வெளிய வந்துது. அதே நேரம் ஜெகன் மாஸ்டரும் பைக்க நிறுத்திட்டு வந்தாரு. ஃப்ளெக்ஸ பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு.

"அண்ணன் எங்க ஆட்டத்துக்கு மாறிட்டாரா? சொல்லவே இல்ல!"

பசங்க சுத்தி நின்னுக்கிட்டாங்க. அவரு உற்சாகத்துல வெளக்க ஆரம்பிச்சிட்டாரு. "தம்பிங்களா, நல்லா பாருங்க. கீழ இருக்குறவரு தோக்கல. அவருதான் ஜெயிக்கிறாரு! இது கழுத்துப் பூட்டு. மேல இருக்குறவன் இன்னும் கொஞ்ச நேரத்துல அவுட்டு!"

"படுத்துக்கினே ஜெயிக்கலாமா மாஸ்டர்?"

"தாராளமா!"

அவ்வளவுதான். அதவிட நல்ல செய்தி அந்த பசங்க வாழ்க்கையில கேட்டதில்ல. எல்லாவனும் ஓடி வந்து பேர் எழுத நோட்டோட நின்ன என் முன்னாடி வரிசையில நின்னுட்டான். "அங்கிள், அந்தோணி மாஸ்டர் கிளாஸுக்கு என் பேர போடுங்க! அந்த பூட்டு வேணும்!" ஜெகன் மாஸ்டர் பக்கம் காக்கா கூட இல்ல. எதிராளிக்கே விளம்பரம் பண்ணிட்டோமேன்னு அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சி.

அப்பத்தான் மச்சான் வந்தாரு. தோள்ல கிளவுஸ் தொங்குது. வரிசைய பாத்ததும் மூஞ்சி மலர்ந்துது. "மாப்ள! சாதிச்சிட்டடா!" அடுத்து தலைய தூக்கி ஃப்ளெக்ஸ பாத்தாரு.

அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கல. கிட்ட போயி காதுல சொன்னேன். "மச்சான், பேசாம இருங்க. ஹால் நமக்குதான். அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த நேரம் ஃபாதர் வந்துட்டாரு. வரிசைய பாத்தாரு, படத்த பாத்தாரு, மச்சான பாத்தாரு. "அந்தோணி, இது நீங்கதானா?"

மச்சான் ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். ஹாலு சாவி ஃபாதர் கையிலேயே இருக்கு. நான் அவரு சட்டைய புடிச்சி இழுத்தேன்.

"இல்ல ஃபாதர்," அப்படின்னாரு மச்சான். "மூஞ்சி மட்டும்தான் என்னுது. உடம்பு யாருதுன்னே தெரியாது. இந்த பூட்டெல்லாம் எனக்கு வராது. எனக்கு தெரிஞ்சது பாக்ஸிங் ஒண்ணுதான்."

வரிசை கலைஞ்சிது. எனக்கு அழுகையே வந்துடிச்சிங்க. நல்ல மனுஷன், என்னால நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சி நிக்கிறாரு.

"அப்ப இத யாரு செஞ்சது?" ஃபாதர் கேட்டாரு.

எல்லாரும் ஃப்ளெக்ஸ்ல கீழ செல்போன் பேசிக்கிட்டு இருந்த ஆள பாத்தாங்க. அப்பறம் என்னைய பாத்தாங்க. கூலிங் கிளாஸ் போட்டா அடையாளம் தெரியாதுன்னு எவன் சொன்னான்?

ஃபாதர் பெருமூச்சு விட்டாரு. "படத்த பாத்து பசங்க ஏமாற வேணாம். ரெண்டு மாஸ்டரும் நேராவே செஞ்சி காட்டுங்க. பாத்துட்டு பேர் குடுக்கட்டும்."

ஜெகன் மாஸ்டர் சொன்னாரு, "காட்டலாம் ஃபாதர். ஒரு ஆள் வேணும். கொஞ்சம் சதப்பிடிப்பா இருந்தா நல்லது."

கூட்டத்துலேர்ந்து ஸ்டெல்லா குரல் கேட்டுது. "ஏங்க, போங்க."

ஜெகன் மாஸ்டர் என்னைய மண்ணுல படுக்க வெச்சாரு. "சார், வலிச்சா ரெண்டு தட்டு தட்டுங்க, உடனே விட்டுடறேன்." கழுத்துல கால் விழுந்துது. எனக்கு கோயில் கோபுரம் ரெண்டா தெரிஞ்சிது. தட்டுனேன். நான் கை தட்டுறேன்னு நெனச்சி பசங்களும் தட்டுனானுங்க! அந்த சத்தத்துல நான் தட்டுனது மாஸ்டர் காதுல விழவே இல்ல. ஸ்டெல்லா ஓடி வந்து, "போதும் மாஸ்டர், மூஞ்சி கத்திரிக்கா கலருக்கு வந்துடிச்சி"ன்னு சொன்னப்பறம்தான் விட்டாரு.

மூச்சு வாங்கி முடிக்கல, மச்சான் என் கையில கிளவுஸ மாட்டிட்டாரு.

"மாப்ள, நான் லேசாத்தான் விடுவேன். நீ கைய தூக்கி மூஞ்ச மூடிக்க."

"மூடுனா என் மூஞ்சி யாருக்கும் தெரியாதே மச்சான்?"

கேட்டு முடிக்கல. மூக்குல விழுந்துது. லேசாத்தான். நான் அப்படியே பின்னாடி போயி ஃப்ளெக்ஸுக்கு அடியில மல்லாந்தேன். மேல பாத்தா "நிமிர்ந்து நில் தம்பி!"ன்னு எழுதியிருக்கு.

பசங்க போட்ட விசில் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஃபாதர் கைய தூக்கி அமைதிப்படுத்துனாரு. "இப்ப சொல்லுங்க தம்பிங்களா. பாக்ஸிங்கா, எம்.எம்.ஏ.வா? எந்த கிளாஸுக்கு போறீங்க?"

பசங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசுனாங்க. அப்பறம் முன்னாடி நின்னவன் தயங்கித் தயங்கி கேட்டான்.

"ஃபாதர், அந்த செல்போன் அங்கிள் எந்த கிளாஸுக்கு வருவாரு?"

"ஆமா ஃபாதர்! அவரு வர்ற கிளாஸுக்குதான் நாங்க!"

ஃபாதர் கர்ச்சீப்பால வாய மூடிக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குது. மச்சான் என் பக்கத்துல குந்தி, மூக்குல ஈரத்துணிய வெச்சி மெதுவா சொன்னாரு. "மாப்ள, ஹாலு இப்ப உன் மூக்குலதான் இருக்கு."

"மச்சான் கிளாஸுக்குதான் வருவேன்"னு சொல்ல வாயத் தொறந்தேன். செஞ்ச பாவத்துக்கு அதுவாவது செய்யணும்ல? அதுக்குள்ள மச்சான் அந்தப் பக்கம் தலைய தொங்கப்போட்டுக்கிட்டு நின்ன ஜெகன் மாஸ்டர ஒரு பார்வை பாத்தாரு. மனசு கேக்கல போல.

"ரெண்டுக்கும் வருவான் ஃபாதர்," அப்படின்னாரு.

சாவி ரெண்டு பேருக்கும் கெடச்சிது. திங்கள், புதன், வெள்ளி பாக்ஸிங். செவ்வாய், வியாழன், சனி எம்.எம்.ஏ. ரெண்டு கிளாஸும் நெரம்பி வழிஞ்சிது. மச்சான் மறுபடி நல்லா சாப்பிட ஆரம்பிச்சாரு. நான்தான் கஞ்சி குடிச்சேன், தாடைய அசைக்க முடியல.

பாக்ஸிங் பெருசா, எம்.எம்.ஏ. பெருசான்னு ஒலகமே இன்னும் அடிச்சிக்குது, எங்க முதுநகர் பசங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அங்கிள் வந்துட்டாரா?"