குளத்துக்குள் ஒரு கோல் போஸ்ட்

மழை பெய்யக் கூடாது என்று கோயிலில் அர்ச்சனை செய்த மனிதர் சங்கரன்கோவில் தாலுகாவிலேயே, ஏன், பூலோகத்திலேயே ஒருவர்தான். செங்கல் சூளைக்காரர்கள்கூட அப்படி ஓர் ஆசையை நெஞ்சுக்குள்தான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் டிரில் மாஸ்டர் சீட்டு வாங்கி, பெயர் நட்சத்திரம் சொல்லி, குருக்கள் காது கேட்க வேண்டிக்கொள்வார். ஊர் அவருக்கு வைத்த பெயர் வறட்சி மாஸ்டர்.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தேன். அவர் டிரில் மாஸ்டர், கால்பந்து அணிக்கும் அவரே கோச். விளையாட்டு மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டதால் அணிக்கு ஊருக்கு வெளியே இருந்த குளம்தான் கதி. வற்றினால் அது மைதானம். நிறைந்தால் குளம். நான் சேர்ந்த முதல் நாளே என் கையில் சுண்ணாம்பு வாளியைத் திணித்தார்.

"கோடு போடத்தான வே ஒம்மள வேலைக்கு எடுத்துருக்கு? போய் கிரவுண்டுக்குக் கோடு போடும்."

இப்படியாக நான் துணைக் கோச் ஆனேன்.

எங்கள் அணியின் ஜாதகம் வானத்தில் இருந்தது. மழை பொய்த்தால் வருடம் முழுக்கப் பயிற்சி, கையில் கோப்பை. மழை பெய்தால் முதல் சுற்றிலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். தொடர்ந்து மூன்று வருடம் வானம் பார்த்த பூமி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று கோப்பை வாங்கினோம். மூன்றாவது கோப்பையோடு கொட்டு முழக்கத்துடன் தேரடி வழியாக ஊர்வலம் போனபோது கை தட்ட ஓர் ஆள் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் குறுக்கே வந்து, "கப்பு வந்துட்டு, சரி. அரிசி எப்ப வே வரும்?" என்று கேட்டார்.

இதில் பெரிய சங்கடம், மாஸ்டர் குடியிருந்தது மாமனார் வீட்டில். மாமனாருக்கு நாலு ஏக்கர் வயல், அதே குளத்துக்குக் கீழே! வெள்ளிக்கிழமை பூஜையில் விளக்குக்கு வலப்பக்கம் நின்று மாமனார் மழை கேட்பார். இடப்பக்கம் நின்று மருமகன் வெயில் கேட்பார். நடுவில் மாஸ்டரின் மனைவி கற்பூரத்தைக் காட்டி, "சாமி, ரெண்டு பேரையும் கண்டுக்கிடாத" என்று கும்பிடுவாராம்.

நான்காம் வருடம் நல்ல மழை. ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்று வந்தோம். தலைமை ஆசிரியர் இளமையில் வாலிபால் ஆடியவர். அவருக்கு நல்ல சந்தர்ப்பம்.

"அடுத்த வருசமும் மொத ரவுண்டு தாண்டலன்னா பந்தை பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். பொறவு நம்ம ஸ்கூல்ல வாலிபால்தான்" என்றார்.

மாஸ்டர் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். "கையால தொடுத வெளையாட்டா வே?" என்று என்னைக் கேட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. அந்தப் பந்தை எடுத்துவிட்டால் மனிதரிடம் விசில் மட்டும்தான் மிஞ்சும்.

மறு வருடம் புரட்டாசி முடிந்ததும் அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். பாம்பு, தேள் தொல்லை தீர வேண்டுமென்றால் அந்த உருவம் அடித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர்க் கோயில் வழக்கம். மாஸ்டர் என்னையும் இழுத்துக்கொண்டு தகட்டுக் கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, மேகம் இருக்கா?"

கடைக்காரர் தகடுகளைக் கிளறிப் பார்த்தார். "பாம்பு இருக்கு, தேளு இருக்கு, பல்லி இருக்கு. மேகம் இதுவரைக்கும் யாரையும் கடிக்கலியே."

"என்னயக் கடிச்சிட்டு" என்றார் மாஸ்டர்.

கடைசியில் நானே ஒரு காகிதத்தில் மேகம் வரைந்து கொடுத்தேன். கடைக்குத் தகடு அடிக்கும் பத்தர் அதைப் பார்த்து, தகட்டில் வெட்டிக் கொடுத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உண்டியலில் போட்டார். அன்று சாயங்காலம் பிடித்த மழை பதினொரு நாள் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் வகுப்பறையில் நுழைந்து என் சட்டையைப் பிடித்தார்.

"மேகத்துக்குக் கீழ நாலு கோடு எதுக்கு வே போட்டீரு?"

"மழைன்னு தெரியட்டும்னுதான் சார். இல்லன்னா செம்மறியாடு மாதிரி இருந்துது."

"ஆடாவே இருந்துட்டுப் போட்டுமே! மழை வேணும்னு எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிட்டு! ஆண்டவன் என்ன செய்வான்?"

குளம் நிறைந்துவிட்டது. மாஸ்டர் அசரவில்லை, பயிற்சியைக் குளத்துக் கரைமேல் மாற்றினார். ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான் கரை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். இடப்பக்கம் பந்து போனால் தண்ணீர், உதைத்தவன் நீந்திப் போய் எடுக்க வேண்டும். வலப்பக்கம் போனால் நாற்று நட்ட வயல். அங்கே மாமனார் நிற்பார். தண்ணீரே மேல் என்று பையன்கள் நினைத்தார்கள். ஒரே மாதத்தில் பதினொரு பேரும் நேர்கோட்டில் மட்டுமே ஓடத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. சாயங்காலம் பயிற்சி முடிகிற நேரம், கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்தோம். நண்டு வளை வழியாகக் கசிந்து, ஒரு குடம் நுழைகிற அளவுக்கு ஓட்டை பெரிதாகியிருந்தது. சுற்றுமுற்றும் வயல்காரச் சம்சாரி ஒருவரையும் காணோம்.

மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது ஒடைஞ்சா ரெண்டு நாள்ல தண்ணி வடிஞ்சிரும்லா வே?" என்றார் மெதுவாக.

"வடிஞ்சிரும் சார்."

"மூணாம் நாள் கிரவுண்டு."

"கிரவுண்டுதான் சார்."

கரைக்குக் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் இளம்பயிர். அவர் வயலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி ஊதினார்.

"எறங்குங்கலே எல்லாரும்! ஏலே கோலி, நீதான் தடியா இருக்க. உள்பக்கம் போயி ஓட்டையில முதுகக் குடுத்து ஒக்காரு. வருசம் பூரா பந்தைத்தான் விட்ட, தண்ணியையாவது விடாதல!"

கோல் காக்கிற அந்தக் கோலி உட்கார்ந்தான். அவன்மேல் சாய்ந்து இரண்டு பேர், அவர்கள்மேல் மாஸ்டர், மாஸ்டர்மேல் நான், புது வேட்டியோடு. மற்றவர்கள் கையால் சேற்றை அள்ளி அள்ளி அப்பினார்கள். சென்டர் பார்வர்டை ஊருக்கு ஓடச் சொன்னோம். நல்லவேளை, ஊர்ப்பாதை நேராக இருந்தது.

மாமனார்தான் முதலில் மண்வெட்டியோடு வந்தார். மருமகனைக் குளத்துக்குள் பார்த்ததும் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "பாவி! கடைசில கரைய வெட்டியே போட்டியா!"

தாடைவரை தண்ணீரில் இருந்த மாஸ்டர், "வெட்டல மாமா, அடச்சிருக்கேன். சண்டையப் பொறவு வச்சிக்கிடுவோம், மூட்டையப் போடும்" என்றார்.

ஊர் திரண்டு வந்து மண்மூட்டை போட்டதும் கரை நின்றது. ஆனால் அணி படுத்துவிட்டது. போட்டியன்று பதினொரு பேருக்கும் காய்ச்சல். கோலிக்கு முதுகு வளையவில்லை. ஏழு கோல் அவன் தலைக்கு மேலும் காலுக்கு நடுவிலும் போயின. மறுநாள் தலைமை ஆசிரியர் பந்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். மாஸ்டர் டிரில் பீரியடில் பையன்களை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுச் சும்மா நின்றார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாமனார் தலைமையில் இருபது சம்சாரிகள் தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்கள்.

"மாசில அறுத்துருவோம். பொறவு ஐப்பசி வரைக்கும் வயலு சும்மாதான் கெடக்கும். எங்க மாப்பிள்ள அங்கன பந்தடிக்கட்டும். பீரோவத் தொறங்க சார்."

தலைமை ஆசிரியர் சட்டம் பேசினார். இருபது பேரும் பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "தொறக்குத வரைக்கும் இங்கனயேதான் இருக்கப் போறோம்" என்றார் மாமனார். கால் மணி நேரத்தில் சாவி வெளியே வந்தது.

காற்றுப் போன அந்தப் பந்தை மாமனாரே எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். மாஸ்டர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாமா" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தோம். "அறுப்ப ஒரு பத்து நாளு முன்னாலயே வச்சிக்கிட முடியுமா?"

மாமனார் தலைமை ஆசிரியரின் பிரம்பைத் தேடினார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ பெரிய மனிதர்களோடு வேலை பார்த்துவிட்டேன். அவர்களில் எவர் சொல்லியும் நான் சேற்றில் கால் வைத்திருக்க மாட்டேன். அந்த மனுஷன் மட்டும் இப்போது வாசலில் வந்து நின்று விசிலை ஊதினால், எங்கே என்றுகூடக் கேட்காமல் போய் உட்கார்ந்துவிடுவேன்.