கருத்து சொன்னால்தான் வண்டி

உலகத்தில் எத்தனையோ சினிமா விமர்சகர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல், வெளிவந்த அத்தனை படங்களுக்கும் தீர்ப்பு வழங்கியவர் செங்கல்பட்டு டோக்கன் அண்ணாத்த ஒருவர்தான். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. ஏனென்றால் உங்கள் வண்டி அவரிடம் இருக்கும்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தியேட்டர். அதன் டூவீலர் ஸ்டாண்டுதான் அவருடைய ராஜ்ஜியம். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில் நான் வேலை பார்த்த கூரியர் அலுவலகம். அண்ணாத்தக்கு ஐம்பது வயது, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், விரல் இடுக்கில் டோக்கன் கத்தை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. அவரும் யார் பெயரையும் கேட்டதில்லை. என்னைக் கடைசிவரை 'கொரியரு' என்றுதான் கூப்பிட்டார்.

வண்டியை விடும்போது ஒன்றும் கேட்கமாட்டார். படம் முடிந்து எடுக்க வரும்போதுதான் விசாரணை. முதல் தடவை எனக்கு நடந்தது இது.

"படம் எப்டி கீது?"

"பரவாயில்லண்ணா."

"பரவால்லன்னா இன்னா? நல்லா கீதா, நல்லால்லியா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும்னா ரெண்டு வண்டி குடுக்கட்டா? ஓரமா நில்லு. யோசிச்சி சொல்லு."

ஓரமாகப் போய் நின்றேன். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

இடைவேளையோடு கிளம்பிய ஒருவருக்கு வண்டியைக் கொடுத்தார், ஹெல்மெட்டைக் கொடுக்கவில்லை. "பாதிப் படத்துக்கு இவ்ளோதான் நைனா. மீதியப் பாத்துட்டு வந்து வாங்கிக்கோ." இன்னொரு முறை ஒரு வக்கீல், "கருத்து சொல்லாமல் இருப்பது என் உரிமை" என்று சட்டம் பேசினார். "கரெக்ட்டு சார். வண்டியத் தள்ளிக் குடுக்காம இருக்கறது என் உரிமை" என்றார் அண்ணாத்த. வக்கீலின் வண்டி சுவரோரம், மூன்று வரிசைகளுக்கு அப்பால் நின்றது. வக்கீல் இறங்கிவந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பின்னணி இசை வரைக்கும் அலசிவிட்டுத்தான் கிக்கரை உதைத்தார்.

இப்படிச் சேர்த்த கருத்தை எல்லாம் மனசுக்குள் கலக்கி, அடுத்த காட்சிக்கு வருகிறவர்களிடம் தீர்ப்பாகச் சொல்வார். "சூப்பரு, உள்ள போ." அல்லது, "வேஸ்ட்டு. வண்டியத் திருப்பு. வூட்டுக்குப் போயி தூங்கு." தியேட்டர் மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் விரட்ட முடியவில்லை. ஊரே அவர் சொல்லைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுத்தது.

"இப்பல்லாம் போன்லயே ஸ்டார் போட்டுடறாங்களேண்ணா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"போன்ல போடறவன் படம் பாத்தானான்னு யாருக்குத் தெரியும்? எங்கிட்ட சொல்றவன் வேர்வையோட வந்து சொல்றான்."

"நீங்களே உள்ளே போய்ப் பாத்துட்டா வேலை முடிஞ்சுதே?"

"படம் ஓடறப்பதான வண்டிக்குக் காவல் வேணும்? நான் உள்ள போனா இத்த எவன் பாத்துப்பான்?"

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீக்கடை மாஸ்டர் சொன்னார். அண்ணாத்தயின் மனைவி கஸ்தூரி அக்காவின் தங்கைக்குப் புதுப்பட்டினத்தில் கல்யாணம். அதே நாளில் ஒரு பெரிய நடிகரின் படம் வெளியானது. தெரு முனைவரை வண்டிகள். அண்ணாத்த ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. தனியாகக் கல்யாணத்துக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. தங்கை வீட்டோடு தங்கி, அங்கே மார்க்கெட்டில் பஜ்ஜிக் கடை போட்டுவிட்டார். மூன்று வருடம் ஆகிறது. அண்ணாத்த ஒருதரம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை. எங்கள் வண்டியும் அவரிடம்தானே இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்த ஹாலிவுட் படம் வந்து சேர்ந்தது.

வரவேண்டிய தமிழ்ப் படம் தள்ளிப்போனதில் மேனேஜருக்கு ஒரு வாரம் காலியாகிவிட்டது. தமிழில் டப் செய்யப்பட்டுக் கையில் கிடைத்த ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைப் போட்டார். போஸ்டரில் ஒன்பது பெரிய நட்சத்திரங்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக நெருக்கியடித்துச் சிரித்தார்கள். பனிமூட்டத்தால் விமான நிலையம் மூடப்பட்டு, நான்கு ஜோடிகளும் ஒரு நாயும் ஒரே ஓட்டலில் மாட்டிக்கொள்கிற கதை. டப்பிங்கில் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரப் பிரபு ஒருவர், "ஏனுங்க அம்மிணி" என்று கொங்குத் தமிழில் காதலித்தார்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி விட்டது. அண்ணாத்த தயாராக நின்றார்.

ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "சூப்பர்ண்ணா. ரெண்டு தடவை அழுதேன்."

அடுத்து மருந்து கம்பெனி விற்பனையாளர். "ஒன்பது ஸ்டாரு, ஒரு கதை இல்ல. பிரியாணியில எல்லாம் போட்டான், அரிசியப் போடல."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருத்தமாகச் சொன்னார். "வில்லனே இல்லப்பா. நான் யார்மேலதான் கோவப்படறது?"

திருவிடந்தையிலிருந்து வந்திருந்த இரண்டு மீனவர்கள், "அந்த நாயி இன்னாமா ஆக்ட் குடுக்குது!" என்றார்கள். மனிதர்களைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயம் இல்லை.

மாமல்லபுரத்து டூரிஸ்ட் கைடு ஒருவர் அடியோடு மறுத்தார். "டெய்லி வெள்ளக்காரனோட சுத்தறவன் நான். எவனும் இவ்ளோ பேச மாட்டான் தலைவா. ஃபுல்லா டூப்பு."

ஒரே பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் சூப்பர், ஒருவர் வேஸ்ட். "ஒரே வண்டிக்கு ரெண்டு கருத்தா? வூட்டுக்குள்ள பேசி முடிச்சிக்கினு வாங்க" என்று நிறுத்தினார். பேசி முடிக்கப் போனவர்கள் சண்டையாக முடித்து, அந்தம்மா ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமையும் இதே கதை. எத்தனை பேரைக் கேட்டாலும் தராசு நடுவிலேயே நின்றது. அடுத்த காட்சிக்கு வந்தவர்கள், "அண்ணாத்த, போலாமா வாணாமா?" என்று கேட்க, அவர் முதன்முறையாக வாய் திறக்காமல் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். நாஸ்தாவுக்கு வாங்கிய இட்லி பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

"செம பேஜாரா கீது கொரியரு" என்றார் என்னிடம். "ஒண்ணு நல்லா இருக்கணும், இல்ல நல்லா இருக்கக் கூடாது. இது இன்னா படம்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம், கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். என் கழுத்தில் மாட்டினார். டோக்கன் கத்தையை என்னோடு வேலை பார்த்த சேவியர் கையில் திணித்தார்.

"ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. நான் உள்ள போயி ஒரு முடிவோட வரேன்."

டீக்கடை மாஸ்டர் டம்ளரோடு தெருவுக்கே வந்துவிட்டார். மேனேஜர் தாமே கதவைத் திறந்து பிடித்தார். இருபது வருடம் தியேட்டர் வாசலில் நின்ற மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். செருப்போடு போகலாம் என்று யாரோ சொன்ன பிறகு திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்வரை எங்கள் ஆட்சி நன்றாக நடந்தது. பிறகு சேவியர் ஒரு ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்தினான். அது பக்கத்து பைக்கின் தோளில் சாய்ந்தது. அந்த பைக் அதற்கடுத்ததின் மேல் சாய்ந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வரிசை முழுக்க, ஒவ்வொன்றாக, மிக மரியாதையாகப் படுத்தது. நான் விசில் ஊதினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பாதி வண்டிகளை நிமிர்த்தியிருந்தபோது படம் விட்டது. அண்ணாத்த வந்தார். கீழே கிடந்த மீதி வண்டிகளைத் தாண்டி, பார்த்தும் நிற்காமலே நடந்து வந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"படம் எப்படிண்ணா?" என்றார் மேனேஜர்.

அண்ணாத்த போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"இத்தினி பேரு பாத்துட்டு வந்தானுங்களே கொரியரு. நாயச் சொன்னானுங்க, ஒம்போது ஸ்டாரச் சொன்னானுங்க. அந்த ஓட்டல்ல பொட்டி தூக்கற கெயவனப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லலியே?"

யாருக்கும் அந்தக் கிழவன் நினைவில் இல்லை. நானும் முதல் நாளே படம் பார்த்தவன்தான். அப்படி ஒரு ஆள் வருவதே எனக்குத் தெரியாது. ஒன்பது நட்சத்திரங்களுக்கு நடுவில் இரண்டே காட்சி வந்திருப்பான் போலிருக்கிறது.

"உன் வண்டிய எடு" என்றார். "புதுப்பட்டினம் போவணும்."

ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தள்ளியும் இழுத்தும் வைத்த அவருக்கு ஒரு வண்டிகூட ஓட்டத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்டாண்டை சேவியரிடம் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மார்க்கெட் ஓரத்தில் கஸ்தூரி அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஸ்டாண்ட யாரு பாத்துக்கினு கீறா?"

"சேவியருன்னு ஒரு புள்ள."

"அதுக்கு வேல தெரியுமா?"

"தெரியாது. ஒரு வரிச வண்டியக் கீய தள்ளிடுச்சி."

"தள்ளிடுச்சா? அத்தப் பாத்துட்டுமா இங்க வந்த?"

"ஆமா."

அக்கா அடுப்பை அணைத்தார்.

"மூணு வருசம் கய்ச்சி இன்னாத்துக்கு வந்த?"

"ஒரு படம் பாத்தேன் கஸ்தூரி. உள்ள குந்தினு, முய்சா பாத்தேன். அதுல ஒருத்தன் ஓட்டல்ல பொட்டி பாத்துக்கறான். அவன் பொண்டாட்டி சொல்றா, 'ஊரான் பொட்டியெல்லாம் பத்தரமா வெச்சினு கீற. என்ன மட்டும் எங்கியோ வெச்சிட்டு மறந்துட்ட'ன்னு. வியாய்க்கியம வரைக்கும் ஓடுது. வரியா?"

அக்கா பஜ்ஜி மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு வர்ல. அவ கொயந்தைக்குக் காது குத்தினதுக்கும் வர்ல. இப்ப வெள்ளக்காரன் படத்துக்குக் கூப்ட வந்துட்ட."

"தப்புதான்."

"நடுவுல எய்ந்து போவக் கூடாது."

"போவ மாட்டேன்."

"போனேன்னா நான் அப்டியே பஸ் ஏறிடுவேன். சொல்லிட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னா சார், மரம் மாரி நிக்கற? பஜ்ஜி துன்னு" என்றார்.

படத்தைப் பற்றி அக்காவின் கருத்து என்ன என்று கேட்பீர்கள். "நாயிதான் நல்லா நடிச்சிது" என்றார். அண்ணாத்தக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டி தூக்கறவனப் பாத்தியா இல்லியா?" என்று கத்தினார். "பாத்தேன். அவன் பொண்டாட்டி சீக்கிரம் மன்னிச்சிட்டா. நானா இருந்தா இன்னும் கொஞ்சம் அலைய வுட்டிருப்பேன்" என்றார் அக்கா. சொன்னபடியே செய்தார். இரண்டு மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணாத்தயைப் புதுப்பட்டினத்துக்கு பஸ்ஸில் வரவைத்து, வாழைக்காய் சீவ வைத்து, அதன் பிறகுதான் பாத்திர பண்டங்களோடு செங்கல்பட்டுக்கு வந்தார். இப்போது பஜ்ஜிக் கடை ஸ்டாண்டு வாசலில் இருக்கிறது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த வியாழக்கிழமை மாலைக் காட்சிதான். அண்ணாத்த மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். அக்கா மல்லிகைப்பூ வைத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து உள்ளே போனார்கள். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் அண்ணாத்த ஓடி ஓடித் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவார். வெளியே பெய்கிற சத்தம் உள்ளே கேட்டிருக்கும். எழுந்து வந்துவிடுவார் என்று சேவியர் சொன்னான். வந்தால் அக்கா பஸ் ஏறிவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் தார்ப்பாயோடு மல்லுக்கட்டினோம். அது பத்தாத இடத்தில் கூரியர் அலுவலகத்துப் பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் அள்ளி வந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்றாக மாட்டினோம்.

இடைவேளையில் அவர் வாசலுக்கு வந்து நின்றார். மழையைப் பார்த்தார், மூடியிருந்த வண்டிகளைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்தார். படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"ஒண்ணும் நனையலண்ணா" என்று கத்தினேன். "அக்கா தனியா கீறாங்க. நீ உள்ள போ."